மூணாவது ஆளு

இங்க உக்காரலாமுங்களா? உள்ள ஃபேன் ஓடலீங்க, அதான். நீங்க டீயைக் குடிங்க, ஆறிப்போயிரும். மாஸ்டர், எனக்கும் ஒண்ணு, சக்கரை கம்மியா.

அந்தக் காரு உங்களுதுங்களா? ரேடியேட்டரைக் கழட்டி வெச்சிருக்கான் பாருங்க. பத்து நிமிசம்னு சொல்லியிருப்பானே? நம்பாதீங்க. எல்லாத்துக்கும் பத்து நிமிசம்னுதான் சொல்லுவான். நல்ல வேலைக்காரன், அதுல குறை சொல்ல முடியாது, ஆனா எப்படியும் ஒரு மணி நேரம் ஆயிருமுங்க. சாவகாசமா உக்காருங்க, பேசிட்டிருக்கலாம்.

எனக்கு இன்னிக்கு மனசே சரியில்லீங்க. எதுத்தாப்புல ஒரு நீல ஷட்டர் தெரியுதுங்களா, பாதி எறக்கி விட்டிருக்குதே, அது என்ற சிநேகிதனோட யூனிட்டு. கோவர்த்தனன்னு பேரு. இந்தக் கணபதி ஏரியாவுல யாரைக் கேட்டாலும் தெரியும். சாயங்காலம் பழைய மெஷின் வியாபாரி ஒருத்தன் வர்றான், எல்லாத்தையும் விலை பேசி லாரியில ஏத்தறதுக்கு. ஏத்திட்டான்னா அவ்வளவுதானுங்க, யூனிட்டு முடிஞ்சுது. அதைத் தடுக்கறதுக்குத்தான் ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். கோவர்த்தனன் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறான். திட்டறதெல்லாம் இல்லீங்க. 'நீ போயி உன்ற வேலையைப் பாரு மாப்ள'ன்னு சிரிச்சுட்டே சொல்றான். அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருக்குது.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கம்பெனியில பர்ச்சேஸ் பாக்கறேன். இப்ப அதுக்கு சோர்ஸிங்னு பேரு மாத்தி வேற கார்டு அடிச்சுக் குடுத்திருக்காங்க, வேலை என்னமோ அதே வாங்கற வேலைதான். செல்போன் டவர் உச்சியில பொட்டி பொட்டியா மாட்டியிருப்பாங்கள்ல, அதுதான் எங்க சரக்கு. அதுக்குள்ள அலுமினியத்துல இன்னொரு சின்னப் பொட்டி போகும். ஃபில்ட்டர்னு சொல்லுவோம். சல்லடைன்னு வெச்சுக்கங்களேன். நம்ம சிக்னலை உள்ள விட்டுட்டு அடுத்த கம்பெனி சிக்னலைத் தடுத்துரும். பாக்கறதுக்கு டிபன் பாக்ஸ் கணக்கா இருக்கும், ஆனா லேசுல செஞ்சர முடியாது. உள்ளாற வெள்ளி முலாம் போடோணும். மூடி மேல வரிசையா திருகு இருக்கும். ஒவ்வொரு திருகையும் இத்துனூண்டு, மயிரளவு திருப்பித் திருப்பி, ஸ்கிரீன்ல கோடு சரியா வந்து உக்கார்ற வரைக்கும் ட்யூன் பண்ணோணும். அதுக்குன்னு பழகுன பொம்பளப் புள்ளைங்க வேணும். கோவர்த்தனன்கிட்ட இருக்கற புள்ளைங்க மாதிரி இந்த ஊர்லயே கிடையாது. அவன் பழக்குனதுங்க.

வாங்கற வேலைன்னா போனைப் போட்டு அனுப்புன்னு சொல்றதுன்னு நெனச்சுராதீங்க. இந்த மாதிரி சாமானை ஒருத்தன்தான் செய்யறான்னு வைங்க, அவன் நமக்கு மொதலாளி ஆயிருவான். அவன் சொல்றதுதான் விலை, அவன் அனுப்பறதுதான் தேதி. அதனால எப்பவுமே ரெண்டு பேரு வேணும். அந்த ரெண்டு பேருக்கும் வயிறு நெறையவும் கூடாது, காயவும் கூடாது. நெறைஞ்சுதுன்னா நம்மளை மதிக்க மாட்டான். காஞ்சா செத்துருவான். செத்துட்டா மறுபடியும் ஒருத்தன்தான் மிச்சம். இந்த அளவைப் புடிச்சு வெக்கறதுதானுங்க என்ற உத்தியோகமே. காலேஜுல இதைச் சொல்லிக் குடுக்கறதில்லை, கைப்பக்குவம்.

மொதல்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தர்தான் இருந்தாரு. சின்னியம்பாளையத்துல பெரிய யூனிட்டு. நான் போனா வெளிய சோபாவுல உக்கார வெச்சுட்டு அவரு உள்ள டிபன் சாப்புட்டுட்டிருப்பாரு. வாங்கற நான் வெளிய, விக்கற அவரு உள்ள. அன்னிக்கே முடிவு பண்ணுனேன், இந்தாளுக்குப் போட்டியா ஒருத்தனைக் கொண்டு வந்துரோணும்னு.

கோவர்த்தனன் அப்ப எங்க கம்பெனியிலதான் டெஸ்டிங்ல இருந்தான். நானும் அவனும் ஒரே வருசம் சேந்தவங்க. தெனமும் ஒண்ணாத்தான் சாப்புடுவோம். எங்க ஊட்டு அரிசிம்பருப்புச் சோத்துக்கு அவன் அடிமை, அவங்கூட்டுக் கோங்கூரா தொக்குக்கு நான் அடிமை. ட்யூனிங்ல அவனை அடிச்சுக்க ஆளில்லை. நான்தான் சொன்னேன், 'மாப்ள, எத்தனை நாளைக்குச் சம்பளத்துக்கே இருப்பே? வெளிய போயி யூனிட்டு போடு. ஆர்டருக்கு நானாச்சு'ன்னு. அவனுக்குப் பயம். அவன் சம்சாரம் இந்திராணிக்கு அதைவிடப் பயம். நானே அவங்கூட்டுக்குப் போயி, ஒரு ஞாயித்துக்கிழமை பூராவும் உக்காந்து பேசி, ஆமான்னு சொல்ல வெச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். அவன் வாழ்க்கையை நான்தானுங்க அமைச்சுக் குடுத்தேன். அதை அவனும் மறக்கலை, பாவம். இன்னிக்கும் என்னைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டான்.

ஆரம்பத்துல அவனுக்கு முலாம் சரியா புடிக்கலை, உரிஞ்சு உரிஞ்சு வந்துச்சு. நான் நாச்சிமுத்து யூனிட்டுக்கு ஆடிட்டுக்குப் போனப்ப அங்க எப்படிப் பண்றாங்கன்னு பாத்துட்டு வந்து இவன் காதுல லேசாப் போட்டு வெச்சேன். எதையும் திருடிக் குடுக்கலீங்க. கண்ணுல பட்டதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டா ஆடிட் பண்ண முடியும்? ஆறே மாசத்துல இவன் நாச்சிமுத்துவுக்குச் சரிசமமா நின்னுட்டான். நாச்சிமுத்து என்னை உள்ள கூப்புட்டு அவரு கையால காப்பி குடுத்தாரு. நல்ல காலமுங்க அது.

அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரு சொகம் வந்துருச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னால ஏலத்தைப் பத்திச் சொல்லிர்றேன். எங்க கம்பெனியில வருசத்துக்கு ஒருக்கா கம்ப்யூட்டர்ல ஏலம் நடக்கும். வாழைத்தார் ஏலம் மாதிரி ஏத்திக்கிட்டே போறது இல்லை, இது எறக்கிட்டே போறது. அவனவன் அவனவன் ஆபீசுல உக்காந்து விலையைப் போடுவான். அடுத்தவன் யாரு, என்ன போட்டிருக்கான், ஒண்ணும் தெரியாது. 'நீ ஒண்ணாவது, நீ ரெண்டாவது'ன்னு எடம் மட்டும் காட்டும். ஒண்ணாவது வந்தவனுக்கு ஆர்டர்ல பெரும்பங்கு, ரெண்டாவதுக்கு மிச்சம். மூணாவதுக்கு ஒண்ணும் கிடையாது. ஆனா மூணாவது ஆளே இல்லியே! எப்படிப் பாத்தாலும் ரெண்டு பேருக்கும் சோறு நிச்சயம். அப்புறம் எவன் எறக்குவான்? பேருக்கு ஒரு எறக்கு எறக்கிட்டு ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருவாங்க. பேசி வெச்சுக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பேச வேண்டிய அவசியமே இல்லை.

எங்க எம்.டி. வருசம் தவறாம கேப்பாரு, 'எவ்வளவு கொறைச்சே?'ன்னு. சீனாக்காரன் பாதி விலைக்குத் தர்றான்னு சொல்லி எங்க கஸ்டமர் அவரு கழுத்து மேல உக்காந்திருக்கான். அவரு என்ற கழுத்து மேல உக்காந்திருக்காரு. நான் யாரு கழுத்து மேல போயி உக்கார்றது, நீங்களே சொல்லுங்க.

உண்மையான மூணாவது ஆளைத் தேடாம இல்லீங்க. ஓசூரு, பெங்களூரு, ஐதராபாத்து எல்லாம் அலைஞ்சேன். மெஷின் இருக்கறவன்கிட்ட ட்யூன் பண்ற ஆளில்லை. ஆளிருக்கறவன்கிட்ட மெஷின் இல்லை. அப்பத்தான் அந்த ஏல சாஃப்ட்வேர்ல டெமோன்னு ஒரு லாகின் இருக்கறதைக் கவனிச்சேன். புதுசா வர்றவங்களுக்கு எப்படி விலை போடறதுன்னு சொல்லிக் காட்டறதுக்குக் குடுத்தது. அதுல உக்காந்து நாமளும் விலை போடலாம். போட்டா மத்தவங்களுக்கு இன்னொரு கம்பெனிக்காரன் போடற மாதிரியேதான் தெரியும்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? வயக்காட்டுல பொம்மை நிறுத்தறதில்லீங்களா? அது மாதிரித்தான். யாருக்கும் அதனால நஷ்டமில்லை. ஆர்டரு என்னமோ அந்த ரெண்டு பேருக்குத்தான் போச்சு.

மொதல் தடவை டெமோவைப் போட்டு விட்டேன் பாருங்க, நாச்சிமுத்து விலை எறங்குன வேகத்தைப் பாக்கோணுமே! அவருக்கு வேர்த்து ஊத்துனது இங்க எனக்குத் தெரிஞ்சுது. எம்.டி. என்ற தோளைத் தட்டுனாரு. எங்க நிறுத்தறதுங்கறதுதான் இதுல வித்தை. நான் ஜெயிச்சுரவும் கூடாது. ஜெயிச்சா ஆர்டரை யாருக்குக் குடுக்கறது, டெமோவுக்கா? அவன் எட்டித் தாண்டற தூரத்துல நிக்கோணும், அதுக்கு மேல போயிரக் கூடாது.

கோவர்த்தனன் விசயத்துல அது எனக்குக் கண்ணைக் கட்டிட்டுப் பண்ற வேலைங்க. அத்தனை வருசம் எதுத்தாப்புல உக்காந்து சாப்புட்டவனாச்சே. மொதல் எறக்கத்தை டக்குனு போடுவான். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் யோசிப்பான். அதுக்கப்புறம் ஒரு பெரிய எடைவெளி விழும். எந்திரிச்சுப் போயி மொகம் கழுவிட்டு, இந்திராணிக்கு ஒரு போன் பண்ணிட்டு, வந்து இன்னொண்ணு போடுவான். அதுதான் அவனோட அடிமட்டம், அதுக்குக் கீழ அவனால முடியாது. எனக்குத் தெரியுமுங்க. அதனால அந்தக் கடைசிப் படிக்கு அவன் வர்ற வரைக்கும் மூணாவது எடத்துலயே புடிச்சு வெச்சிருப்பேன். வந்தவுடனே விட்டுருவேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவனை நான் தோக்க விட்டதில்லை. வேற எந்தப் பர்ச்சேஸ்காரன் ஒரு சிநேகிதனுக்காக இவ்வளவு பாப்பான்?

ரெண்டாவது ஏலம் முடிஞ்சப்ப அவன் எங்கிட்டக் கேட்டான், 'யாரு மாப்ள அந்த மூணாவது?'ன்னு. பேரு சொல்லக் கூடாது, அது ரூலு. ஆனா சும்மா இருந்தாச் சந்தேகப்படுவானேன்னு, 'வடக்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். 'புனேவா?'ன்னான். நான் தலையை ஆட்டுனேன். அவ்வளவுதானுங்க நான் பண்ணுனது. மிச்சத்தை எல்லாம் அவனே கட்டிக்கிட்டான். புனேக்காரன்கிட்ட ஜெர்மன் மெஷின் இருக்கோணும்னு அவனே சொல்லுவான். அங்க கையில ட்யூன் பண்ண மாட்டாங்க, கம்ப்யூட்டரே பண்ணும்னு அவனே சொல்லுவான். அப்புறம் 'அவன்' போயி 'அவரு' ஆயிருச்சு. 'அவரு எத்தனை திருகுல முடிக்கறாரோ தெரியலை மாப்ள'ன்னு ஒருக்கா கேட்டுட்டு, ராத்திரி பகலா உக்காந்து ரெண்டு திருகைக் கொறைச்சே போட்டான். நெஜமாலுமே கொறைச்சுட்டானுங்க! எங்க எஞ்சினியருகளே அசந்து போயிட்டாங்க. இல்லாத ஒருத்தனைத் தொரத்திட்டுப் போயி இவன் எங்கியோ போயிட்டான். அதைப் பாத்து எனக்கு அவ்வளவு பெருமை. நான் மட்டும் அந்த டெமோவைப் போடலைன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?

ஊட்டுப் பத்திரத்தை வெச்சு ஒரு புது மெஷின் வாங்குனான். அது அவனா எடுத்த முடிவு, நான் வாங்கச் சொல்லலை. ட்யூனிங் புள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு வேன் வெச்சிருந்தான், அதை நிறுத்துனான். புள்ளைங்க சரவணம்பட்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்துச்சுங்க. ஒருத்திகூட வேலையை விட்டு நிக்கலை. புனேயில இதைவிடக் கஷ்டப்படறாங்கன்னு சொல்லி வெச்சிருப்பான் போல. என்ற சம்சாரம் ஒரு கல்யாணத்துல அவனைப் பாத்துட்டு வந்து, 'கோவர்த்தனண்ணன் ஏனுங்க இப்படி எளைச்சுட்டாரு? சட்டை தொளதொளங்குது'ன்னுச்சு. தொழில்னா அப்படித்தான், சம்பளக்காரன் மாதிரி தொந்தி வெக்க முடியுமான்னேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. வெயில் காலம், புழுக்கம்.

இன்னொண்ணு சொல்லிர்றேன். இத்தனை வருசத்துல நான் யார்கிட்டயும் கையை நீட்டுனதில்லீங்க. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தாக்கூட வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன். கோவர்த்தனன் மொதல் வருசம் ஆசையா ஒரு சுவர்க் கடியாரம் கொண்டு வந்தான். 'வேண்டாம் மாப்ள, நாளைக்கு ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிருவான்'னு திருப்பிக் குடுத்துட்டேன். என்ற கை சுத்தம். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்.

இந்தத் தடவை ஏலம் போன மாசம் நடந்துச்சு. வழக்கம் மாதிரித்தான் ஆரம்பிச்சுது. மொதல் எறக்கத்தை டக்குனு போட்டான். ரெண்டாவது போட்டான். நான் டெமோவுல ஒரு படி கீழ எறங்கி அவனை மூணாவதுல நிறுத்துனேன். எடைவெளி விழுந்துச்சு. சரி, மொகம் கழுவப் போயிருக்கான்னு நானும் எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயி நின்னேன். திரும்பி வந்து பாத்தா அப்படியே இருக்குது. இன்னும் கொஞ்சம் பாத்தேன். அசையலை. முடியப் போகுதுன்னு சிவப்புல எழுத்து வந்துருச்சு. 'வா மாப்ள, வந்துரு மாப்ள'ன்னு ஸ்கிரீனைப் பாத்து வாய்விட்டே சொல்றேன். ஒரு தடவை போட்ட விலையைத் திருப்பி எடுக்கவும் முடியாது. போன் பண்ணியிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஏலம் நடக்கறப்ப சப்ளையருக்குப் போன் பண்ணக் கூடாதுங்க. ரூலுன்னா ரூலுதான், சிநேகிதனுக்காக மீற முடியுங்களா? முடிஞ்சுது. நாச்சிமுத்து ஒண்ணாவது. டெமோ ரெண்டாவது. கோவர்த்தனன் மூணாவது.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! ஒவ்வொரு தடவையும் வந்தவன், அன்னிக்குன்னு பாத்து வராமப் போனா என்ன அர்த்தம்? நான் அவனை நம்பித்தான அங்க போயி நின்னேன்? நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டான். இப்பக்கூட நெனச்சா ஆறலைங்க.

அப்புறம் விசாரிச்சேன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. கரண்டு போகலை, நெட்டு போகலை. எந்திரிச்சு மொகம் கழுவியிருக்கான். தொடைச்சுட்டு நேரா ரோட்டைத் தாண்டி இந்த பேக்கரிக்கு வந்து ஒரு டீயும் தேங்கா பன்னும் வாங்கிச் சாப்புட்டிருக்கான். இந்திராணி என்னாச்சோன்னு பயந்து போன் பண்ணுனதுக்கு, 'போதும் இந்திராணி'ன்னானாம். அந்த ரெண்டே வார்த்தை. இதை இந்திராணிதான் எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு. எனக்கும் அழுகை வந்துருச்சுங்க.

எம்.டி. ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, 'யாரு இந்த ரெண்டாவது? ஆர்டரைக் குடு'ன்னாரு. சாம்பிள் சரியா வரலை சார், தள்ளிட்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன். 'அப்ப மொத்தத்தையும் நாச்சிமுத்துகிட்டயே போட்டுரு'ன்னுட்டாரு. அதே வாரம் நாச்சிமுத்துவுக்குக் கொம்பு மொளைச்சுருச்சு. எப்படித்தான் மோப்பம் புடிச்சாரோ. 'இனிமே கம்ப்யூட்டரெல்லாம் எதுக்குங்க, நேர்ல பேசிக்கலாம்'ங்கறாரு. போனா சோபாவுல உக்கார வெக்கறாரு. வெள்ளி விலை ஏறிப்போச்சுங்கறாரு. இப்படியே போச்சுன்னா அடுத்த வருசம் எங்க கம்பெனி அவரு கையில. அதுக்கப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க? இந்த வயசுல நான் வேற எங்க போறது?

அதனால கோவர்த்தனன்கிட்ட ஓடியாந்தேன். 'மாப்ள, புனேக்காரன் சாம்பிள் ஃபெயில் ஆயிருச்சு. அந்தப் பங்கை உனக்கே வாங்கித் தர்றேன். நீ ரெண்டாவதா இரு'ன்னேன். காலைக் கட்டிட்டு அழுவான்னு நெனச்சேங்க. அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? 'அவரு சாம்பிளா? ஃபெயிலா? இருக்கவே இருக்காது மாப்ள. நீ எனக்காகப் பாத்துப் பண்றே. வேண்டாம். அவரு ஜெயிச்ச ஆர்டரை நான் எடுத்தா அது பிச்சை'ங்கறான். இல்லாத மனுசனுக்காக எங்கிட்டயே வாதாடறான்! 'என்ற விலைக்கும் கீழ ஒருத்தரு செய்யறாருன்னா அந்த எடம் அவருதுதான். என்னால முடியலை. எனக்குத் தொழில் தெரியலைன்னு இப்பத்தான் தெரியுது. பதினெட்டு வயசுல இருந்து இதைத்தான் பண்றேன், தெரிஞ்ச மாதிரி நெனச்சுட்டிருந்திருக்கேன்'னான். சொல்றப்ப மொகத்துல ஒரு வருத்தம்கூட இல்லீங்க. அதுதான் என்னைப் போட்டு வாட்டுது.

அப்புறம் ஒண்ணு கேட்டான். 'அந்தப் புனேக்காரரை ஒரு தடவை பாக்கோணும் மாப்ள. எப்படிச் செய்யறாருன்னு கேட்டுக்கறேன். முடிஞ்சா என்ற புள்ளைங்களை எடுத்துக்கச் சொல்றேன், நல்லா பழகுன கை, வீணாப் போகக் கூடாது. அவரு வந்து ஒரு வார்த்தை சொன்னா நான் நிம்மதியா ஷட்டரை எறக்கிருவேன்'னான். வர்றாரு, வர்றாருன்னு நான் நாளைக் கடத்திப் பாத்தேன். பொறுத்துப் பாத்துட்டு இன்னிக்கு வியாபாரியை வரச் சொல்லிட்டான்.

உண்மையைச் சொல்லிர்றது தானேன்னு பாக்கறீங்க. தெரியுதுங்க, உங்க மொகத்துலயே எழுதியிருக்குது. நானும் நேத்துப் பூராவும் அதைத்தான் யோசிச்சேன். சொன்னா அவன் தாங்குவானுங்களா? இப்ப அவன் ஒரு பெரிய ஆளுகிட்டத் தோத்துட்டோம்னு இருக்கான். அதுல ஒரு மரியாதை இருக்குது. அவனைத் தோக்கடிச்சது நான்தான், மொகம் கழுவற நேரம் வரைக்கும் கணக்குப் பண்ணி நான்தான் எறக்குனேன்னு தெரிஞ்சா, அவனுக்கு என்னங்க மிச்சம்? அவனுக்காகத்தான் நான் வாயை மூடிட்டு இருக்கேன். எனக்கென்ன, மிஞ்சிப் போனா வேலை போகும். அவன் ஒடைஞ்சு போயிருவான்.

சுத்தி வளைக்காம கேட்டுர்றேன். நீங்க போன்ல ஹிந்தியில பேசிட்டிருந்ததைக் கேட்டுட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். நல்ல சட்டை போட்டிருக்கீங்க, நாலு எடம் பாத்த மனுசன்னு மொகத்தைப் பாத்தாலே தெரியுது. ஒரு பத்து நிமிசம் என்கூட ரோட்டைத் தாண்டி வர முடியுங்களா? நீங்கதான் அந்தப் புனேக்காரருன்னு சொல்றேன். நீங்க ஒண்ணும் பெருசாப் பேச வேண்டாம். 'நான் இந்தத் தொழிலை விட்டுட்டு வேற லைனுக்குப் போறேன். இதை இனிமே நீங்கதான் பாக்கோணும். உங்க கூடப் போட்டி போட்டது எனக்குப் பெருமை'ன்னு சொன்னாப் போதும். அவன் மெஷினை விக்க மாட்டான். எனக்கு அவனைத் தெரியும். நீங்க அந்த ஒரு வார்த்தை சொன்னா, வியாபாரியைத் திருப்பி அனுப்பிட்டு நாளைக்குக் காலையில யூனிட்டைத் தொறந்துருவான். அந்தப் புள்ளைங்களுக்கு வேலை இருக்கும். இந்திராணிக்கு ஊடு இருக்கும். எங்களுக்கும் ரெண்டு பேரு இருப்பாங்க.

உக்காருங்க, உக்காருங்க. எந்திரிக்காதீங்க. உங்க காரு இன்னும் ஆகலை பாருங்க, இப்பத்தான் ஹோஸை மாட்டிட்டிருக்கான். தப்புன்னு நெனைக்காதீங்க. ஒரு மனுசனைக் காப்பாத்தறதுக்குச் சொல்ற பொய்யி. தொழில்ல என்னமாச்சும் கேட்டா எப்படிச் சமாளிக்கறதுன்னு பயமுங்களா? கேக்க மாட்டான். கேட்டாலும், திருகைப் பத்தி நீங்க ஒண்ணு சொன்னா அவன் ஒம்போது சொல்லுவான், தலையை ஆட்டிட்டு நின்னாப் போதும். உங்க கையைப் புடிச்சுக்குவான், அவ்வளவுதான்.

வர்றீங்களா? வர்றீங்க! நீங்க நல்லா இருக்கோணும். உங்க புள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கோணும். மாஸ்டர், ரெண்டு டீக்கும் என்ற கணக்குல. வாங்க, ரோட்டுல லாரி வேகமா வருது, பாத்துத் தாண்டுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டுமுங்க. பேசி முடிச்சு நீங்க கெளம்பறப்ப அவன் எப்படியும் கேப்பான், 'அந்த விலையில உங்களுக்கு எப்படீங்க கட்டுபடியாச்சு?'ன்னு. ரொம்ப நாளா அவன் மனசைக் குடையற கேள்வி அது. கட்டுபடியாகலைன்னு மட்டும் சொல்லிராதீங்க. நல்லாவே கட்டுச்சு, இன்னும்கூடக் கொஞ்சம் எறக்கியிருப்பேன்னு சொல்லுங்க. வர்ற வருசம் மறுபடியும் ஏலம் இருக்குதுங்க.